பின்னணிச் சத்தம்

பயந்துட்டீங்களாக்கும். ஒண்ணுமில்லைங்கக்கா, கண்டக்டர் காங்கயம் காங்கயம்னு கத்துனாரு பாருங்க, அதுக்குத்தான் காதைப் பொத்திக்கிட்டேன். தலைவலி எல்லாம் இல்லை. வண்டி ஊரைத் தாண்டிருச்சு, இனிச் சரியாப் போயிரும். உங்க பையை இப்படி என் கால்கிட்ட வெச்சுக்குங்க, எடம் இருக்குது.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான், சிங்காநல்லூர்ல எறங்கோணும். யூனிவர்சிட்டில வேலை. பேரு டாக்டர் மகுடேஸ்வரி. டாக்டர்னா ஊசி போடற டாக்டர் இல்லீங்க, படிச்சு வாங்குன டாக்டர். பேச்சும் மூளையும், அதான் என் ஆராய்ச்சி. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு எந்தப் பேச்சுப் போச்சு, எது மிச்சம் இருக்குதுன்னு பாக்கறது. கேக்கறதுக்குச் சாதாரணமா இருக்கும். உள்ள எறங்குனாத்தான் ஆழம் தெரியும்.

வெள்ளக்கோயில்ல ஒரு அம்மாகிட்டக் கையெழுத்து வாங்கீட்டு வாரேன். தெய்வாத்தாள்னு பேரு. அவங்க வீட்டுக்காரர் நாச்சிமுத்து என்கிட்ட வந்துட்டிருந்தவரு. இதே ரூட்டுல கண்டக்டர். கோயமுத்தூர் கரூர், முப்பத்தோரு வருஷம் ஒரே வண்டி. ரிட்டயர் ஆகி ஒரு வருஷத்துல வாதம் அடிச்சு, வலது கை வலது கால் போச்சு, பேச்சும் போச்சு. சாவியைக் காட்டி இது என்னங்கன்னா, "அது... அது..." ம்பாரு, அப்புறம் "சை" ம்பாரு. அந்த "சை" மட்டும் சுத்தமா வரும். குடை, மாடு, செருப்பு, எதைக் காட்டுனாலும் "சை"தான். பொண்டாட்டி பேரைக் கேட்டாக்கூட "சை"ன்னுட்டாரு. அந்தம்மா வாயில முந்தானையை வெச்சுட்டு சிரிச்சாங்க. "நல்லா இருந்தப்பவும் அப்படித்தானுங் கூப்புடுவாரு"ன்னாங்க.

அந்த மனுசனுக்கு ஒண்ணு மட்டும் போகலீங்க. ஊர்ப் பேரு. சிங்காநல்லூர், சூலூர், பல்லடம், பொங்கலூர், அவிநாசிபாளையம், காங்கயம், வெள்ளக்கோயில், தென்னிலை, பரமத்தி, கரூர். தண்ணி பட்ட பாடு. கண்ணை மூடிட்டு அப்படியே சொல்லுவாரு. சொல்லி முடிச்சதும் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாரு. ஊர்ப் பேரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கன்னு அந்தம்மாதான் சொன்னாங்க. அவங்க சொல்லாட்டியும் எனக்கே தோணியிருக்கும், அது வேற விஷயம்.

இதுல என்ன பெரிசுன்னு கேப்பீங்க. வாய்ப்பாடு, சாமி பாட்டு இதெல்லாம் பேச்சுப் போனவங்களுக்கும் வரும், அது ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனா அதைப் பின்னால இருந்து சொல்லச் சொன்னா வராது. உங்களுக்கும் வராது. பங்குனி, மாசி, தைன்னு ஆரம்பிச்சுப் பன்னெண்டு மாசத்தையும் பின்னால சொல்லுங்க பாக்கலாம். ம்... மார்கழி, கார்த்திகை... பாத்தீங்களா, தடுக்குது. இவருக்குத் தடுக்கலை. கரூர்ல ஆரம்பிச்சுச் சிங்காநல்லூர் வரைக்கும் அதே வேகத்துல வந்தாரு. ஏன்னா கண்டக்டருக்கு வண்டி போறதும் உண்டு, திரும்பறதும் உண்டு. ரெண்டும் அவருக்கு நேர் வழிதான். இதை இதுக்கு முன்னால யாருமே எழுதலைங்கக்கா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை, அத்தனை சந்தோஷம்.

வாரா வாரம் வியாழக்கிழமை, காலையில பதினோரு மணிக்கு. வெள்ளக்கோயில்ல இருந்து பஸ்ல கூட்டிட்டு வந்துருவாங்க. ஒரு தடவை கூட லேட் இல்லை. அந்தம்மாவை ரூம்ல உக்காத்தி வெக்கக் கூடாதுன்னுதான் முறை. ஆனா அவங்களைக் காணலைன்னா இவரு எந்திரிச்சுருவாரு, அதனால மூலையில ஒரு நாற்காலி போட்டு, பேசக் கூடாதுன்னு சொல்லி உக்கார வெச்சேன். ஏசியை நிறுத்திருவேன், சத்தம் பதிவுல விழுகும். நானும் முகத்துல ஒண்ணும் காட்டக் கூடாதுங்க. சரின்னும் சொல்லக் கூடாது, தப்புன்னும் சொல்லக் கூடாது, தலைகூட ஆட்டக் கூடாது. ஆட்டுனா அவங்க அதைப் பாத்துப் பதில் சொல்லிருவாங்க, முடிவு கெட்டுப் போயிரும். எங்க சார் சொல்லுவாரு, மகுடேஸ்வரி மூஞ்சி கல்லு, இந்த வேலைக்குன்னே செஞ்சதுன்னு. நான் அதைப் பெருமையாத்தான் எடுத்துக்கிட்டேன்.

ஒன்பதாவது வியாழக்கிழமை.

அன்னைக்கு வந்தப்பவே கொஞ்சம் மந்தமா இருந்தாரு. வெயிலுன்னு நெனச்சேன். போற வழி நல்லாச் சொன்னாரு. அப்புறம் கரூர்ல இருந்து வாங்கன்னேன். கரூர், பரமத்தி, தென்னிலை, வெள்ளக்கோயில், காங்கயம்னாரு. அங்கயே நின்னுட்டாரு. மறுபடியும் காங்கயம். அடுத்து என்னங்கன்னேன். காங்கயம். பதினோரு தடவை கேட்டேன், பதினோரு தடவையும் காங்கயம். எனக்குள்ள ஒரு துள்ளல் வந்துச்சு பாருங்க, அதை ஏன் பொய் சொல்லோணும், வந்துச்சு. போற வழி இருக்குது, திரும்பற வழி போயிருச்சு. அப்படின்னா ரெண்டும் மூளையில வேற வேற எடத்துல இருக்குதுன்னு அர்த்தம். எட்டு வாரம் காத்துக் கெடந்ததுக்குப் பலன் கெடச்சுருச்சுன்னு நெனச்சேன். விட்டுருவனா? படத்தைக் காட்டுனேன், எண்ணச் சொன்னேன், மறுபடியும் ஊருக்கு வந்தேன். ஒரு மணி நேரம் முழுசா முடிச்சேன். நடுவுல நிறுத்தக் கூடாது, நிறுத்துனா அந்த நாள் பதிவே செல்லாது. இது நான் வெச்ச சட்டம் இல்லை.

முடிச்சுட்டு அந்தம்மாகிட்டச் சொன்னேன், "அசதிதாங்கக்கா, ஒண்ணுமில்லை, ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க"ன்னு. ரெண்டு பேருமாப் போனாங்க. அவரு அன்னைக்கு என்னைத் திரும்பிப் பாக்கலை.

சாயங்காலம் விழுந்துட்டாரு. காங்கயத்துல அவங்க நாத்தனார் வீட்டுல பேத்திக்குச் சீரு, போற வழிதானேன்னு எறங்கியிருக்காங்க. பந்தியில உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராம். கோயமுத்தூருக்கே திருப்பிக் கொண்டு போய்ப் படம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் சொன்னாராம், இது இப்ப வந்தது இல்லை, காலையிலயே ரெண்டாவது வாதம் வந்துருச்சு, நாலு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்னு. ஆறாம் நாள் போயிட்டாரு.

நான் துக்கத்துக்குப் போகலை. செமஸ்டர் பரிட்சை.

இருங்க, எதுக்கு அப்படிப் பாக்கறீங்க. அவருக்கு வலது பக்கம் ஏற்கெனவே போனதுதான். வாய் கோணலும் இருந்ததுதான். நான் மருத்துவம் படிச்சவளா? எனக்கு என்ன தெரியும்? நான் கேட்டதுக்கு அவரு என்ன பதில் சொல்றாருன்னுதான் எனக்குக் கணக்கு.

சரி, பேப்பருக்கு வாரேன். பேப்பர்னா, எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பறது. அது அச்சுல வந்தாத்தான் எனக்கு அடுத்த பதவி. ஒன்பது வருஷமாத் தள்ளித் தள்ளிப் போகுது. எனக்குப் பின்னால சேந்தவன் எல்லாம் எனக்கு மேல உக்காந்துட்டு, மேடம் அந்த ஃபைலைக் கொஞ்சம் பாத்துக் குடுங்கங்கறான். இதை விட்டா இனி எனக்கு இல்லை.

எழுதறதுக்கு முன்னால பதிவைக் கேட்டு ஒவ்வொரு சொல்லா எழுத்துல ஏத்தோணும். ஒரு நிமிஷப் பேச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும். காதுல ஹெட்போனை மாட்டிட்டு, அஞ்சு நொடி கேட்டு நிறுத்தி, எழுதி, மறுபடியும் அதே அஞ்சு நொடியைக் கேக்கோணும். அப்படித்தான் அந்த இருபத்து மூணாவது நிமிஷத்துக்கு வந்தேன். காங்கயம். எழுதுனேன். காங்கயம். எழுதுனேன். அப்புறம் சீட்டு ஒண்ணு கீழ விழுகுற சத்தம். அவரு படச் சீட்டை எடது கையிலதான் புடிச்சிருப்பாரு. வலதுதான் முன்னயே போச்சே. எடது கையில இருந்து விழுந்திருக்குது.

அதுக்கு அடுத்து அந்தம்மா குரல். "டீச்சரம்மா, அவுரு நல்ல கையும் தொங்குதுங்க."

ரொம்பச் சன்னமான குரல். மூலையில இருந்து பேசுனாங்கல்ல. அதுக்கப்புறம் என் குரல். "நீங்க பேசாதீங்க, பதிவுல விழுகுது."

நாப்பதாவது நிமிஷத்துல மறுபடியும் ஒருக்கா. "அம்மிணி, அவுருக்கு என்னமோ பண்ணுதுங்க, போதுமுங்க." அதுக்கப்புறமும் என் குரல்தான். "அடுத்து என்னங்க"ன்னு அவரைக் கேக்கறேன்.

இதை எப்படி எழுதறதுன்னு யோசிச்சேன். கேக்கறவர் பேச்சு, நோயாளி பேச்சு, இது ரெண்டைத்தான் எழுதோணும். மூணாவது ஆள் பேசுனா பின்னணிச் சத்தம்னு போடறது வழக்கம். லாரி ஹார்ன் அடிச்சாலும் அதுதான், கதவு சாத்துனாலும் அதுதான். நானும் பின்னணிச் சத்தம்னு போட்டேன். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. அப்புறம் பத்திரிகைக்கு அனுப்பற பதிவுல அந்த எடத்தை எல்லாம் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். அதுவும் வழக்கம்தான். முழுசா இருக்கறது ஒண்ணே ஒண்ணு, என்கிட்ட.

ஆனா என் காதுல இருந்து வெட்ட முடியலைங்க. ஹெட்போனைக் கழட்டுனாலும் கேக்குது. வாஷிங் மெஷின் சுத்தறப்ப அதுக்குள்ள இருந்து காங்கயம்ங்குது. கிளாஸ்ல ஒரு பொண்ணு எந்திரிச்சு ஏதோ சந்தேகம் கேட்டா, நான் "பேசாதீங்க"ன்னுட்டேன். பிள்ளைங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குதுங்க. காது டாக்டர்கிட்டப் போனேன், காது சுத்தமா இருக்குதுன்னு ஐந்நூறு ரூபா வாங்கிட்டாரு. எங்க வீட்டுக்காரர் கோயில்ல கயிறு வாங்கிக் கட்டி விட்டாரு. எனக்குப் பயமா இருக்குதுங்கக்கா. செத்தவரை நெனச்சுப் பயமில்லை. அவரு பாவம், ஊர்ப் பேரைத்தானே சொல்றாரு. அந்தம்மா குரல்தான். உசுரோட இருக்கறவங்க குரல் இப்படி வந்து நிக்குமா?

பேப்பரை அனுப்பிச்சேன். ரெண்டு பேரு படிச்சுப் பாத்துக் கேள்வி கேப்பாங்க, யாருன்னு நமக்குத் தெரியாது. முதல் ஆளு ரொம்பப் பாராட்டி எழுதியிருந்தாரு. ரெண்டாவது ஆளு இருக்காரே, விடாக்கண்டன். ஒன்பதாவது அமர்வுல நோயாளிக்கு உடம்புல ஏதாவது மாற்றம் கவனிக்கப்பட்டதாங்கறாரு. நான் எழுதுனேன், கவனிக்கப்படவில்லைன்னு. அது பொய் இல்லீங்களே. நான் கவனிக்கலை. கவனிச்சது அந்தம்மாதான்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

பொங்கலூர் தாண்டிருச்சுங்களா? சரி. நோயாளி இறந்து போனதால வீட்டார் கையெழுத்து வேணும்னு பத்திரிகையில கேட்டுட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள அனுப்போணும். அதுக்குத்தான் இன்னைக்குப் போனேன். மகன் வீட்டுல இருந்தாத் தகராறு வருமோன்னு பயந்துட்டுத்தான் போனேன். அவன் அங்க இல்லை. அவன் அந்த வீட்டுலயே இல்லையாமா. தங்கவேல்னு ஒரே மகன். அப்பன் செத்ததுல இருந்து ஆத்தாகூடப் பேச்சு இல்லை. நாலு தெரு தள்ளி வேற வீடு. அந்தம்மா சமைச்சுக் குடுத்தனுப்புனாத் திரும்பி வந்துருதாம். பேரன் தெருவுல பாத்தாக்கூட ஓடிருதாம்.

ஏன்னு கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

அவன் சொல்றானாம், காலையிலயே கை விழுந்திருக்குது, நீ பக்கத்துலயே உக்காந்துட்டுப் பாக்கலையா, சீருச் சோத்துக்கு இழுத்துட்டுப் போயிக் கொன்னுட்டியேன்னு. இவங்க சொல்லியிருக்காங்க, நான் பாத்தேன் சாமி, டீச்சரம்மாகிட்டச் சொன்னேன்னு. அவன் நம்பலை. அத்தனை படிச்ச பொம்பளை, மூளையைப் பத்தியே படிச்சவங்க, நீ சொல்லியிருந்தா அப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க மாட்டாங்களா, டீ வாங்கிக் குடுன்னா சொல்லுவாங்க, பொய் சொல்லாதன்னுட்டானாம். பாருங்க, அவன் என் மேல எத்தனை மரியாதை வெச்சிருக்கான்.

அந்தம்மா கையெழுத்துப் போடற ஃபாரத்தைக் கையில வெச்சுட்டு என்னைக் கேட்டாங்க. "டீச்சரம்மா, எனக்கு வரவர நெப்பே தெரியலீங். நெசமாலுமே நான் அன்னைக்கு வாயத் தொறந்து சொன்னனுங்களா? இல்லீன்னா மனசுக்குள்ளயே நெனச்சுட்டு உக்காந்திருந்துட்டனுங்களா? நீங்க படிச்சவிய, நீங்க சொன்னாச் செரி. நான் சொல்லுலீன்னா, பையன் பேசறது நாயம்தானுங்."

ஒண்ணரை வருஷமா இதையே கேட்டுட்டு உக்காந்திருக்காங்க போல. இந்தக் கைப்பையைத்தானுங்க மடியில வெச்சிருந்தேன். முழுப் பதிவு இதுக்குள்ளதான் இருக்குது, எங்க போனாலும் எடுத்துட்டுத்தான் போறேன், வீட்டுல வெச்சா யாராவது கேட்டுருவாங்கன்னு. ஒரு பட்டனை அமுக்குனா அவங்க குரலே அவங்களுக்குப் பதில் சொல்லியிருக்கும்.

நான் சொன்னேன், "எனக்கு ஞாபகம் இல்லைங்கக்கா"ன்னு.

சரிங்கன்னாங்க. அவ்வளவுதான். எங்கம்மிணி போடோணும்னு கேட்டாங்க, எடத்தைக் காட்டுனேன். தெய்வாத்தாள்னு ஒவ்வொரு எழுத்தாப் போட்டாங்க. காப்பி குடுத்தாங்க, குடிச்சேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, கண்டக்டர்கிட்ட, டீச்சரம்மாவைப் பாத்து எறக்கி விடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்தக் கண்டக்டருக்கு நாச்சிமுத்துவைத் தெரியுமாமா.

சொல்லாம விட்டுர மாட்டேங்க. பேப்பர் வரட்டும். அச்சுல வந்து, இண்டர்வியூ முடிஞ்சு, ஆர்டர் கைக்கு வரட்டும், நானே போய்ச் சொல்றேன். ஆறு மாசம், மிஞ்சுனா எட்டு மாசம். ஒண்ணரை வருஷம் இருந்தவங்களுக்கு எட்டு மாசம் பெரிசுங்களா?

நீங்க தலையை ஆட்ட வேண்டாம். எனக்கே தெரியுது, பெரிசுதான். போறப்ப அந்தம்மா கழுத்தைப் பாத்தேன், எலும்பு தனியாத் தெரியுது. சாப்பிடறாங்களான்னே தெரியலை. எட்டு மாசம் இருப்பாங்களோ என்னமோ.

அக்கா, ஒரு உதவி பண்ணுவீங்களா? என் போன்ல வேண்டாம், என் நம்பர் அவங்ககிட்ட இருக்குது. உங்க போன்ல இருந்து ஒரே ஒரு போன் போடுங்க. நீங்க யாரோ, உங்களுக்கு ஒண்ணும் வராது. நான் நம்பர் சொல்றேன். அன்னைக்கு நீங்க வாயைத் தொறந்து சொன்னீங்க, ரெண்டு தடவை சொன்னீங்க, நெனப்பு இல்லை, நெசமாவே சொன்னீங்க. அதை மட்டும் சொல்லீட்டு வெச்சுருங்க. யாருன்னு கேட்டா ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கலாம். இதுல என்னங்க பொய், நல்லதுக்குத்தானே. பல்லடம் போனாச் சந்தைக் கூட்டம் ஏறிரும், அதுக்குள்ள போட்டுருங்க.

மணி போகுதுங்களா? அவங்க மெதுவாத்தான் எடுப்பாங்க. காது கொஞ்சம் மந்தம், சத்தமாப் பேசுங்க.

எடுத்துட்டாங்களா? சொல்லுங்க. ம். ரெண்டு தடவைன்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்களா? அழுகறாங்களா? அழுகட்டும், நல்லதுதான். வெச்சுருங்க, போதும்.

என்ன கேக்கறாங்க? ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கல்ல, அப்புறம் என்ன? அந்த ரூம்ல இருந்தது மூணு பேருதானேங்கறாங்களா?

எதுக்குங்க போனை என்கிட்ட நீட்டறீங்க? வேண்டாங்கக்கா. நான் பேச மாட்டேன். டீச்சரம்மா பக்கத்துல இருக்காங்களான்னா கேக்கறாங்க? இல்லைன்னு சொல்லுங்க. எறங்கிட்டாங்கன்னு சொல்லுங்க. அந்த டீச்சரம்மா அப்பவே எறங்கிப் போயிட்டாங்கன்னு சொல்லுங்கக்கா.